போட்டி நாளில் அணையும் பெட்டி

எங்கள் துப்பறியும் கந்தோருக்குப் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் யாரையாவது சந்தேகித்துக்கொண்டுதான் வருவார்கள். புருஷனை, பக்கத்துக் காணிக்காரனை, சீட்டுப் பிடித்தவளை. அந்தச் சனிக்கிழமை காலை வந்த செலீனா அக்காவுக்கு மட்டும் யாரைச் சந்தேகிப்பது என்றே தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் வந்திருந்தார்.

கந்தோர் என்பது பேச்சுக்கு. மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு தையல்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு அலுமாரி, ஆட்டம் காணும் சில கதிரைகள். அதற்குள் பரீனா மிஸ். கொழும்பில் காப்புறுதிக் கம்பனிக்காகப் பொய் விபத்துக்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். சிறுபிள்ளையாக இருந்தபோது, முஸ்லிம்கள் என்று புத்தளத்துக்குத் துரத்தப்பட்ட குடும்பம். சண்டை முடிந்து எல்லோரும் ஊர் திரும்பியபோது அவரும் திரும்பி, துப்பறிகிற கடையை இங்கே திறந்துவிட்டார். நான் எமிலியானுஸ். மிஸ்ஸுக்கு ஓட்டோ ஓட்டுகிறேன், தேத்தண்ணி வாங்கி வருகிறேன், கேட்காத இடத்தில் கருத்துச் சொல்கிறேன்.

"தங்கச்சி, எங்கடை வீட்டிலை ஒரு கொம்பியூட்டர் கிடக்கு," என்றார் செலீனா அக்கா கதிரை நுனியில் இருந்தபடி. "போட்டி நாளிலை மட்டும் நிண்டு போகுது."

"மற்ற நாளில?"

"விடிய விடிய ஓடும்."

"நானும் அப்பிடித்தான்," என்றேன். "வேலை இருக்கிற நாளிலை மட்டும் காய்ச்சல் வரும்."

மிஸ் என்னைப் பார்த்தார். வாயை மூடினேன். அக்கா கதையைச் சொன்னார்.

தாழ்வுபாட்டில் அவர் வீடு. கணவர் சந்தியோகு படகுக்காரர். இளைய மகன் ஜெனோஜன் கொம்பியூட்டரில் சுடுகிற விளையாட்டில் கெட்டிக்காரன். கொழும்பில் ஒரு அணி அவனைச் சேர்ப்பதா இல்லையா என்று போட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பிரான்ஸில் இருக்கும் மூத்தவன் விலையுயர்ந்த பாகங்களாக அனுப்ப, அவற்றைப் பூட்டிப் பெட்டியாக்கிக் கொடுத்தவன் அருள்நேசன். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்து, தாயோடு பாப்பாமோட்டைக்குத் திரும்பி வந்து, மன்னார் ரவுனில் கடை போட்டவன். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செலீனா அக்காவின் மகள் டிலானியைக் கட்டப்போகிறவனும் அவன்தான். மாதா கோவிலில் பங்குச் சுவாமி இரண்டு ஞாயிறு கல்யாண அறிவித்தல் வாசித்துவிட்டார். நாளைக்கு மூன்றாவது, கடைசி.

"இவர் அந்தப் பெட்டியை உத்துப் பாத்திருக்கிறார். ஸ்குரூ எல்லாம் மாறிக் கிடக்காம். உள்ளுக்கை சிவப்பாக் கிடந்த வயர் கறுப்பாப் போச்சாம். நல்ல சாமானைக் கழட்டிப்போட்டுப் பழசைப் பூட்டிப்போட்டான், முகாமிலை வளர்ந்தவன், கை நீளம் எண்டு நிக்கிறார். இண்டைக்குப் பின்னேரம் கடைசிப் போட்டி. இண்டைக்கும் பெட்டி நிண்டா நேரே சுவாமியின்ரை அறைவீட்டுக்குப் போய்க் கலியாணத்தை நிப்பாட்டுவன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க அக்கா?"

"அந்தப் பிள்ளை களவெடுக்காது." அக்காவின் கண் கலங்கியது. "ஆரோ செய்யினம். ஆரெண்டு பிடியுங்கோ. ஆராயிருந்தாலும் விடாதேயுங்கோ. என்ரை பிள்ளையளாயிருந்தாலும்."

முன்பணமாக மேசையில் ஒரு பொதி வைத்தார். சீலாக் கருவாடு. எங்கள் தொழிலில் மணக்கிற முன்பணம் அபூர்வம்.

சந்தையடியில் இறக்கிவிடச் சொன்னார். வீட்டுக்காரர் பார்த்தால் மீன் வாங்க வந்ததாகச் சொல்வாராம். படகுக்காரன் மனைவி சந்தையில் மீன் வாங்குவதை எந்தப் புருஷன் நம்புவான் என்று கேட்டேன். அப்படியானால் மரக்கறி என்றார். ஓட்டோவில் ஏறப்போனவர் நின்று, "தம்பி, இந்த ஓட்டோ மந்திரிச்சதோ?" என்று கேட்டார்.

"பொலிஸ் பிடிச்சது, அக்கா. சுவாமி இன்னும் பிடிக்கேல்லை."

அவர் சிரிக்கவில்லை. கைப்பைக்குள் இருந்த சிறு போத்தலைத் திறந்து, முணுமுணுத்தபடி முன்பக்கம் தெளித்துவிட்டுத்தான் ஏறினார். கண்ணாடியடியும் நனைந்தது, என் மூக்கும் நனைந்தது. கோவில் பக்கம் நான் போய் வருஷக்கணக்கு என்பதால் பேசாமல் துடைத்துக்கொண்டேன்.

பெரியகடையில் இருந்தது அருள்நேசனின் கடை. நாங்கள் வாசலில் காலை வைத்ததும் அவன் செய்த முதல் காரியம், மேசையில் திறந்து கிடந்த தன் கொம்பியூட்டர் மீது ஒரு துணியைத் தூக்கிப் போட்டது.

எனக்கு அது போதும். மிஸ்ஸுக்கும் போதும் போலிருந்தது.

"துணியை எடுங்க தம்பி," என்றார்.

அவன் எடுத்தான். உள்ளே, ஒரு சின்ன இரும்புப் பெட்டியிலிருந்து கட்டாக வெளியே வந்த வயர்கள் பளபளவென்று சிவப்பாக இருந்தன.

"இது ஆற்றை?" என்று கேட்டேன்.

"அவங்களோடது. ஜெனோஜன் பெட்டியில இருந்த பவர் சப்ளை." பதற்றத்தில் அவன் தமிழ் கடலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது.

"அப்ப அவையின்ரை பெட்டிக்குள்ளை கிடக்கிறது?"

"என்னோடது."

"கேஸ் முடிஞ்சுது மிஸ்," என்றேன். "கள்ளன், களவுச் சாமான், வாக்குமூலம். வெயிலுக்கு முதல் வீட்டை போகலாம்."

மிஸ் அந்தச் சின்னப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த லேபிளைக் குனிந்து பார்த்தார். "வீட்டுக் கரண்டை வாங்கி மற்ற எல்லாத்துக்கும் பங்கு போடுறது இதுதானே? அறுநூற்றைம்பது வாட் எண்டு கிடக்கு. நீங்க அவங்களுக்குப் பூட்டினது?"

"எண்ணூற்றைம்பது."

"எமில், நீங்க படகு எஞ்சின் களவெடுத்தா, பெரிசை எடுத்துட்டுச் சின்னதை வைப்பீங்களா? இல்லாட்டி சின்னதை எடுத்துட்டுப் பெரிசை வைப்பீங்களா?"

"களவெடுக்கிறதெண்டு முடிவெடுத்தாப் பிறகு சின்னதை ஆர் பாப்பான்?"

"இவர் பாத்திருக்கிறார்." மிஸ் அவன் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னா வீட்டில பெட்டியைப் பாத்து அறிஞ்சிருவன். ஏன் சொல்லாம மாத்தினீங்க?"

அருள்நேசன் துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பெட்டி ஏன் நிக்குதுன்னு எனக்கே தெரியல மிஸ். கரண்ட் பத்தலையோ என்னவோன்னு என்னோடதைக் கழட்டிப் போட்டேன். சொன்னா, முதல்ல போட்டது பழுது எண்டு நீயே ஒத்துக்கொண்டாய் எண்டுவார் சந்தியோகு ஐயா. சொல்லாம விட்டேன். இப்ப கள்ளன் எண்டுறார்."

"ஸ்குரூ?"

"வந்த ஸ்குரூ எல்லாம் கறள் பிடிச்சுப் போச்சு. படகுச் சாமான் கடையிலை கறள் பிடிக்காத சாதி வாங்கிப் போட்டனான்." மூச்சு விட்டபின் தமிழ் இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது. "ஒவ்வொரு தரமும் உள்ளுக்குக் கிராபிக்ஸ் கார்டிலை பச்சைப் பச்சையாப் புள்ளி இருக்கும். படம் காட்டுறது அந்தக் கார்ட்தான். அதின்ரை மேல்பக்கத்திலை மட்டும் புள்ளி. பிரஷ் போட்டுத் துடைச்சு, காய வைச்சு, இங்கை ராப்பகலா ஓடவிட்டுப் பாப்பன். நிக்காது. கொண்டுபோனாப் போட்டி நாளிலை நிக்கும். கடல் காத்து எண்டுதான் நினைக்கிறன்."

"கடல் காத்துக்குப் போட்டி நாள் தெரியுமா?" என்று கேட்டார் மிஸ்.

அவன் துணியை மேசையில் வைத்தான்.

"போட்டி எப்ப எண்டு உங்களுக்கு ஆர் சொல்றது?"

"டிலானி."

அவன் காது சிவந்தது. நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். போட்டி நேரம் தெரிந்தவன், பெட்டியின் உள்வீட்டு ரகசியம் தெரிந்தவன், துணி போட்டு மூடுகிறவன். கல்யாணம் நடக்கவேண்டிய ஆள் என்பதைத் தவிர அவனுக்கு எதிராக எல்லாம் பொருந்தியது.

வெளியே வரும்போது அவன் பின்னாலேயே வந்தான். "முகாமிலை ஆற்றையேனும் சாமான் காணாமப் போனா எங்களை வரிசையா நிக்க வைப்பாங்கள் மிஸ். சின்னப் பிள்ளையிலை எத்தினையோ வரிசை நிண்டுட்டன். ஊருக்கு வந்தா அது முடிஞ்சுது எண்டு நினைச்சன்."

மிஸ் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. பின்னேரம் போட்டிக்கு முன் தன் திருத்துவேலை ஆயுதப் பெட்டியோடு தாழ்வுபாட்டுக்கு வரச் சொன்னார்.

தாழ்வுபாட்டு வீதியில் பாய் பாயாக நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் விட்டிருந்த ஒடுக்கத்துக்குள் என் ஓட்டோவும் நுழைந்தது. சந்தியோகு ஐயா வாசலிலேயே நின்றார். அருள்நேசனைப் பற்றி விசாரித்து வருகிறோம் என்று மிஸ் சொன்னதும் படலையை முழுசாகத் திறந்துவிட்டார். சொன்னது பொய்யும் இல்லை.

"வாங்கோ, வாங்கோ. சாட்சி என்னட்டை இருக்கு." சட்டைப் பையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "அவன் பூட்டினதிலை ஒண்டைக் கழட்டி வைச்சிருக்கிறன். சுவாமிக்குக் காட்ட. இது பெட்டியோடை வந்த சாமானே இல்லை."

"நல்ல ஸ்குரூ," என்றார் மிஸ்.

"நல்லதோ கெட்டதோ, வேறை!"

பெட்டி உள் அறையில் மேசைமேல் இருந்தது. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்கு. பெருநாள் சோடனை முழுவதையும் ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. கண்ணாடிக்கூடாக லேபிள் தெரிந்தது. எண்ணூற்றைம்பது. அருள்நேசன் அதில் பொய் சொல்லவில்லை.

ஆனால் பெட்டி நின்றது உண்மை. யாரோ ஒருவரால் நிற்கிறது என்பதும் உண்மைதான் என்று மிஸ்ஸின் முகம் சொன்னது.

முன்னால் இருந்தான் ஜெனோஜன். தாய் கூப்பிட்டாலும் கேட்காத அளவுக்குக் காதை மூடும் ஹெட்போன். மிஸ் அதைக் கழற்றச் சொன்னார். நான் என் சந்தேகத்தை முன்வைத்தேன்.

"தம்பி, தோக்கிற நேரமாப் பாத்து நீரே நிப்பாட்டிப்போட்டு, பெட்டியிலை பழியைப் போடுறீரோ?"

"அண்ணை, போன முறை நான் வெல்லப் போறன். கடைசி ஆளைச் சுடக் கையை வைச்சன், டக்கெண்டு இருட்டு." அவன் குரல் உடைந்தது. நடிப்பாகத் தெரியவில்லை. நடிக்கத் தெரிந்தவன் இந்தக் கதையைவிட நல்ல கதை சொல்வான்.

மிஸ் வேலையைத் தொடங்கினார். வீட்டில் மீன் வைக்கிற பெரிய ஃபிரீசரைப் போடச் சொன்னார். தண்ணி மோட்டரைப் போடச் சொன்னார். டிலானியைக் கூப்பிட்டு அயன்பொக்ஸையும் சூடாக்கச் சொன்னார். வீட்டு விளக்கு எல்லாம் ஒருமுறை கண் சிமிட்டியது. பெட்டி அசையவில்லை. ஜெனோஜனைக் கனத்த விளையாட்டு ஒன்றை ஓடவிடச் சொல்லி, பின்பக்கத்தில் கை வைத்துச் சூடு பார்த்தார். அதுவும் அளவோடுதான் இருந்தது.

"கரண்டும் இல்லை, சூடும் இல்லை," என்றார். "போட்டி நேரத்தில இந்தப் பெட்டியை ஆர் தொடுறது?"

"ஒருத்தரும் தொடுறேல்லை," என்றான் ஜெனோஜன்.

"நான் வாசல்லை நிண்டு பாக்கிறது மட்டும்தான்," என்றாள் டிலானி.

"நான் வாடியிலை. கடற்கரையிலை," என்றார் சந்தியோகு ஐயா.

அப்போதுதான் சந்தைப் பையோடு செலீனா அக்கா உள்ளே வந்தார். எங்களைக் கண்டு, "ஆர் இவை?" என்று ஊரே கேட்கிற மாதிரி ஆச்சரியப்பட்டார். இவ்வளவு மோசமாக நடிக்கிற ஒருவரை நான் கண்டதில்லை. நல்லவேளையாகச் சந்தியோகு ஐயா திருகாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ் அக்காவிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"நானோ? அதிலை ஒரு நாளும் கை வைச்சதில்லை, தங்கச்சி. எனக்குப் பயம்."

ஆக, தொட்டவர் யாரும் இல்லை. எனக்கு எல்லோர் மீதும் சந்தேகம் வந்தது. முக்கியமாகச் சந்தியோகு ஐயா மீது. கல்யாணத்தைக் குழப்ப ஆசைப்படுகிறவர், பெட்டி நிற்பதால் இலாபம் காண்கிறவர், அவர் ஒருவர்தானே? அதை மிஸ்ஸின் காதில் சொன்னேன்.

"அவருக்கு அந்தப் பெட்டியைப் போடுற சுவிச் எங்க எண்டு தெரியுமா எமில்? கேட்டுப் பாருங்க."

கேட்டேன். சந்தியோகு ஐயா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த பிளக்கைக் காட்டினார். என் சந்தேகம் அந்த இடத்திலேயே செத்தது.

மிஸ் இப்போது பெட்டியின் தலைப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே, காற்று போகிற ஓட்டைகளை மூடி, தூசு விழாமல் இருக்க ஒரு கறுப்பு வலை. காந்தத்தில் ஒட்டியிருந்தது. இழுத்ததும் கையோடு வந்தது.

"கடைக்குக் கொண்டுபோகேக்கை இதுவும் போகுமா?"

"இல்லை," என்றான் ஜெனோஜன். "ரோட்டுக் குலுக்கத்திலை விழுந்துபோகும் எண்டு கழட்டி வைச்சிட்டுத்தான் கொண்டு போறது."

"அப்ப அருள்நேசன் இதைக் காணவேயில்லை."

கறுப்பு வலையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன.

"உப்புக் காத்து," என்றார் சந்தியோகு ஐயா. "எங்கடை ஊரிலை எல்லாத்திலையும் படியும்."

மிஸ் யன்னல் கம்பியில் விரலை இழுத்துப் பார்த்தார். மா பூசினாற்போல் எங்கும் ஒரே மெல்லிய படலம். வலையில் இருந்ததோ தனித்தனிப் பொட்டு. "காத்துப் பூசும் ஐயா. பொட்டு வைக்காது. எமில், இதை நக்கிப் பாருங்க."

"உதவியாளர் வேலையிலை இதுவும் இருக்கெண்டு நீங்கள் சொல்லேல்லை."

"இப்ப சொல்றன்."

நக்கினேன். உப்பு. வலையைத் தூர நீட்டிப் பிடித்து முகத்தைச் சுளித்தபோதுதான் பொட்டுகள் ஒழுங்காக நிற்பது கண்ணில் பட்டது. மேலிருந்து கீழே ஒரு கோடு. குறுக்கே ஒரு கோடு.

"கூட்டல் அடையாளம் மாதிரிக் கிடக்கு," என்றார் மிஸ்.

"கூட்டல் இல்லை மிஸ்." அவர் காதருகே குனிந்தேன். "கீழ்க்கோடு நீளம்."

அவரை வெளியே ஓட்டோவுக்குக் கூட்டிப்போனேன். காலையில் நனைந்த கண்ணாடியடியைக் காட்டினேன். வெயிலில் காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. மிஸ் ஒரு பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நான் நினைத்தேன், கேஸைப் பிடித்த சந்தோஷத்தில் சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை.

"ஆராயிருந்தாலும் விடாதேயுங்கோ எண்டு சொன்னாவே, எமில்."

"சொல்லாமலே விடலாமே மிஸ். வலையை மட்டும் கழுவி வைச்சிட்டுப் போவம்."

"அப்ப அந்தப் பொடியன் கடைசிமட்டும் கள்ளன்தான். சந்தியோகு ஐயா தன்ட கண்ணால காணோணும்."

பின்னேரம் வந்தது. அருள்நேசன் ஆயுதப் பெட்டியோடு படலைக்கு வெளியே நின்றான். சந்தியோகு ஐயா உள்ளே விடவில்லை. மிஸ் கேட்டுக்கொண்டதால் துரத்தவும் இல்லை. நானும் மிஸ்ஸும் சந்தியோகு ஐயாவும் டிலானியும் பக்கத்து அறையின் திரைச்சீலைக்குப் பின்னால் இடித்துக்கொண்டு நின்றோம். போட்டி தொடங்கச் சற்று நேரம் இருந்தது. ஜெனோஜன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். அறையில் பெட்டி மட்டும் நீலமும் ஊதாவுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வாசலில் ஒரு நிழல் வந்தது.

சந்தியோகு ஐயா என் முழங்கையைப் பிடித்தார். கள்ளனைப் பிடிக்கப்போகிறோம் என்ற பிடி.

செலீனா அக்கா உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார். பெட்டிக்கு முன்னால் நின்று கண்ணை மூடி முணுமுணுத்தார். பிறகு போத்தல் மூடியைத் திருகினார்.

"அக்கா," என்று மிஸ் திரையை விலக்கினார். "கொஞ்சம் பொறுங்க."

அக்கா திரும்பிப் பார்த்தார். ஒளிக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்ற முகம். "தீர்த்தம் தெளிக்கப் போறன், தங்கச்சி. பெரிய போட்டியெல்லோ?"

"ஒவ்வொரு போட்டிக்கும் தெளிப்பீங்களா?"

"பெரிசுக்கு மட்டும். சும்மா விளையாட்டுக்கெல்லாம் கடவுளைக் கரைச்சல் படுத்தக்கூடாது. முதல் போட்டிக்கு ரெண்டு துளிதான் தெளிச்சனான். பெட்டி நிண்டு போச்சு. ஆற்றையோ கண் பட்டிட்டுது எண்டு அடுத்ததுக்குக் கூடத் தெளிச்சன். சுவாமி மந்திரிச்ச உப்பையும் அள்ளிப் போட்டுக் கரைச்சுத் தெளிச்சன். அப்பவும்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். மிஸ் கறுப்பு வலையைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார்.

"ஐயா, இதில உங்களுக்கு என்ன தெரியுது?"

சந்தியோகு ஐயா பார்த்தார். அவர் வலது கை தானாக நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, தோளுக்குத் தோள் போனது.

"குருசு," என்றார்.

"தண்ணி இந்த வலைக்கூடாக மெல்ல மெல்ல இறங்கி நேரே கார்டில விழுகுது. உப்புத் தண்ணியில கரண்ட் குறுக்கால பாயும். பெட்டி தன்னைக் காப்பாத்த நிண்டுரும். கடைக்குப் போக முதல் காஞ்சிரும். அருள்நேசனுக்குப் புள்ளி மட்டும்தான் மிச்சம்."

"எஞ்சினுக்குத் தெளிக்கிறன், வலைக்குத் தெளிக்கிறன்," அக்கா போத்தலைத் தூக்கிக் காட்டினார். "ஒண்டுக்கும் ஒண்டும் ஆகேல்லையே!"

"படகு எஞ்சினுக்கு மூடி இருக்கு, அக்கா," என்றேன். அன்று நான் பகிடி விடாமல் சொன்ன ஒரே வசனம் அது. "இதுக்கு மேலெல்லாம் ஓட்டை."

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். போத்தலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பேர் வரக்கூடாது எண்டுதானே தெளிச்சன். அப்ப நான்தானே அவனைக் கள்ளனாக்கினது?"

டிலானி தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். முகம் கழுவி வந்த ஜெனோஜன் எங்கள் எல்லோரையும் பார்த்து மிரண்டு, நேரம் போகிறது என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

போட்டி முடியும்வரை நாங்கள் அந்த அறையை விட்டு அசையவில்லை. டக் என்ற அந்தச் சத்தத்துக்காக எல்லோர் காதும் காத்திருந்தது. சந்தியோகு ஐயா கொம்பியூட்டர் திரையைப் பார்க்கவே இல்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கு எரிந்தது. விசிறி சுற்றியது. கடைசியில் ஜெனோஜன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"பெட்டி நிக்கேல்லை," என்றான். பிறகு, "நான் தோத்திட்டன்," என்றான்.

"இனி அருள்நேசனைச் சொல்ல ஏலாது, தம்பி," என்றேன்.

சந்தியோகு ஐயா வெளியே நடந்தார். அறைவீட்டுக்குத்தான் போகிறாரோ என்று நானும் பின்னால் போனேன். இவ்வளவு தெரிந்தும் வாயைத் திறந்து பிழையென்று சொல்லாத ஆண்கள் எங்கள் கரையில் நிறையப் பேர். அவர் படலையடியில் நின்றார். சட்டைப் பையைத் தடவி அந்தத் திருகாணியை எடுத்தார்.

"உன்ரை பெட்டியிலை ஒண்டு குறையுது," என்றார், அருள்நேசனின் கையில் அதை வைத்து. "நான்தான் கழட்டினனான். உள்ளுக்கு வந்து பூட்டு."

அருள்நேசன் திருகாணியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து உள்ளே வந்தான். பெட்டியை நிறுத்தி, திருகாணியைப் பூட்டி முடித்தபின் செலீனா அக்காவின் மடியில் இருந்த போத்தலைக் கண்டான். டிலானி அவன் காதில் எல்லாவற்றையும் சொன்னாள். கோபப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.

"மாமி," என்றான். "மேலை ஒரு மூடி செய்து தாறன். படகு எஞ்சினுக்கு இருக்கிற மாதிரி. காத்துப் பக்கத்தாலை போகும். நீங்கள் மேலை தெளியுங்கோ."

அக்கா அழுதார். அழுதுகொண்டே, "இப்ப இதை என்ன செய்ய? கொட்டக் கூடாதே," என்று போத்தலை நீட்டினார்.

சந்தியோகு ஐயா அவர் முன்னால் வந்து நின்றார். தலையைக் குனிந்தார்.

"பெட்டிக்கு வேண்டாம். எனக்குத் தெளி," என்றார். "நல்லாத் தெளி."

செலீனா அக்கா எழுந்து தெளித்தார். புருஷனுக்கு, மகளுக்கு, தோற்றுப்போன மகனுக்கு. எனக்கும் கழுத்தோடு விழுந்தது, நான் துடைக்கவில்லை. பரீனா மிஸ் கைபேசியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு சிரித்தபடி வாசல்வரை பின்வாங்கினார். அருள்நேசன் மட்டும் நகராமல், இரண்டு கையையும் விரித்துப் பெட்டிக்கு மேல் குனிந்து நின்றான். விழுந்ததெல்லாம் அவன் முதுகில்தான் விழுந்தது.